சர்வீஸ் முடிந்து வந்த காரில் எஞ்சின் தடுமாறினால்

சர்வீஸுக்கு விடும்வரை சீராக ஓடிய கார், திரும்பி வந்த அன்றே ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) நடுங்கினாலோ எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ, ஏதோ பாகம் பழுதாகிவிட்டது என்று முடிவு செய்வதற்கு முன், பில்லை எடுத்து என்னென்ன வேலைகள் நடந்தன என்று பாருங்கள். பெரும்பாலும் கை பட்ட இடத்திலேயே காரணம் இருக்கும்.

பெட்ரோல் கார் என்றால் முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைப் பாருங்கள். அங்கிருந்து த்ராட்டிலுக்கு (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) செல்லும் குழாய் தளர்ந்திருந்தால், காற்றின் அளவை அளக்கும் சென்சார் உள்ள கார்களில் அளக்கப்படாத காற்று புகுந்து எரிபொருள் கலவை மெலிந்துவிடும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது; காரின் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் தெரியும் பி0171 என்ற குறியீடு மெலிந்த கலவையைத்தான் குறிக்கிறது. ஸ்பார்க் பிளக் மாற்றியிருந்தால், பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் கனெக்டர் ‘கிளிக்’ என்று பொருந்தியிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். த்ராட்டிலைச் சுத்தம் செய்த பிறகு ஐடில் சற்று ஏறி இறங்கினால், சில கார்களில் ஸ்கேனர் மூலம் அதை மீண்டும் அமைக்க வேண்டியிருக்கும்.

ஆயிலையும் மறக்க வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்துப் பார்க்கும்போது, அளவு டிப்ஸ்டிக்கின் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இரு கோடுகளுக்கு இடையில் இருக்க வேண்டும், கூடினாலும் கெடுதலே.

எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கக்கூடும் என்பதாலும், ஆயில் அழுத்த விளக்கு எரிந்தால் எஞ்சினே போய்விடும் என்பதாலும், தயவுசெய்து வண்டியை உடனே நிறுத்திவிட்டு, சர்வீஸ் செய்த இடத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.