கன்சர்வன்சி வாரியம்: காலம் முடிந்த இருக்கையும் காலியான இருக்கையும்

கலிஃபோர்னியாவில் பொதுக் கன்சர்வன்சி (நிலத்தையும் இயற்கை வளத்தையும் காக்கும் அரசு அமைப்பு) ஒன்றின் வாரிய உறுப்பினர் பதிவேட்டைப் பார்த்துக்கொள்பவர் முதலில் பிரித்தறிய வேண்டியது இதுதான்: பதவிக்காலம் முடிவது வேறு, இருக்கை காலியாவது வேறு. காலம் முடிந்தாலும், அடுத்தவர் முறைப்படி பொறுப்பேற்கும்வரை பழையவரே கடமையைத் தொடர வேண்டும் என்கிறது அரசாங்கச் சட்டத்தொகுப்பின் 1302ஆம் பிரிவு. தேதி தாண்டிவிட்டதென்று அவருக்கு அழைப்பு அனுப்பாமல் விட்டுவிடாதீர்கள்.

பதிவேட்டை ஆள்வாரியாக அல்லாமல் இருக்கைவாரியாக எழுதுங்கள்: நியமிப்பவர், நியமன நாள், முடிவு நாள், தேவையான தகுதி. சியரா நெவாடா கன்சர்வன்சியில் வாக்குரிமை உள்ள 13 இருக்கைகளில் 6 கவுன்ட்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி) மேற்பார்வையாளர்களுக்கு உரியவை; அவர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். இப்படிப்பட்ட இடங்களுக்குத் தேர்தல் நாட்காட்டியும் பக்கத்தில் இருக்கட்டும். மேற்பார்வையாளர் பதவி போனால் வாரியத்தில் இருக்கும் தகுதியும் போகும். நியமித்தவர் விரும்பும்வரை நீடிக்கும் இருக்கைக்கு முடிவு நாள் கிடையாது. கட்டத்தை வெறுமையாக விடாமல் அதையே எழுதிவையுங்கள்.

காலியிடம் எப்போது உண்டாகிறது என்பதை அதே தொகுப்பின் 1770ஆம் பிரிவு பட்டியலிடுகிறது: இறப்பு, ராஜினாமா, நீக்கம், பெருங்குற்றத் தண்டனை போன்றவை. தொடர்ந்து மூன்று மாதம் கடமையைச் செய்யாமல் விடுவதும் அதில் உண்டு. நோயும், சட்டப்படி அனுமதி பெற்று மாநிலத்துக்கு வெளியே இருப்பதும் விலக்கு. காலாண்டுக்கு ஒருமுறை கூடும் வாரியத்தில் ஒரே கூட்டத்துக்கு வராதவரும் இதில் சிக்குவதுபோல் தோன்றும். நீங்களாகவே 'காலி' என்று குறிக்காமல் சட்ட ஆலோசகரிடம் கேளுங்கள். ராஜினாமா எழுத்தில் இருக்க வேண்டும். நியமித்தவரிடம் சேர வேண்டும். தலைவருக்கு வந்த மின்னஞ்சல் மட்டும் போதாது.

கவுன்ட்டியோ நகராட்சியோ நியமிக்கும் வாரியமானால் மேடி சட்டமும் (உள்ளாட்சி நியமனங்களையும் காலியிடங்களையும் பொதுமக்களுக்கு அறிவிக்கச் சொல்லும் சட்டம்) பொருந்தும். மறு ஆண்டில் முடியும் பதவிக்காலங்களின் பட்டியல் டிசம்பர் 31க்குள் தயாராக வேண்டும். எதிர்பாராத காலியிடத்துக்கு, அது உண்டான 20 நாளுக்குள் அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஒட்டியபின் குறைந்தது 10 வேலைநாள் கழியாமல் இறுதி நியமனம் கூடாது. அவசரமென்றால் தற்காலிகமாக ஒருவரை அமர்த்தலாம்.

குறைவெண் (கூட்டம் நடக்க வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) கணக்கில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மொத்த இருக்கைகளில் பெரும்பான்மை வேண்டும் என்று உங்கள் சட்டம் சொன்னால், 13க்கு 7 பேர். மூன்று இடம் காலியானாலும் அந்த 7 குறையாது; மீதிப் பத்துப் பேரில் நால்வர் வராவிட்டால் கூட்டம் நடக்காது.

புதியவர் பொறுப்பேற்ற 30 நாளுக்குள் படிவம் 700 (தம் பொருளாதார நலன்களை வெளிப்படுத்தும் அறிக்கை) தர வேண்டும். விலகுபவருக்கும் அதே 30 நாள்தான். காலம் முடிந்தும் தொடர்பவருக்கு அந்தக் கணக்கு அவர் உண்மையில் விலகும் நாளிலிருந்தே ஓடும்.