மாயமற்ற விசுவாசத்தைப் பழகிக்கொள்வது எப்படி

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கண்ணீர் வழியப் பாடிவிட்டு, வீட்டுக்கு வந்த அரை மணி நேரத்துக்குள் மனைவியிடம் சீறுகிறவர்களும், சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தும் இரவெல்லாம் தூக்கம் வராமல் புரளுகிறவர்களும் நம் சபைகளில் குறைவில்லை. அவர்களில் ஒருவனாக நானும் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். ஆகவே இது பிறருடைய வேஷத்தைத் தோலுரிப்பதற்காக எழுதும் கட்டுரை அன்று. பக்திக்கும் நடக்கைக்கும் நடுவே விழுந்துவிட்ட விரிசலால் மனச்சமாதானம் இழந்து நிற்கும் ஒருவர் எங்கிருந்து தொடங்கலாம், எதை முதலில் செய்யலாம் என்று சொல்லவே எழுதுகிறேன்.

பழைய தமிழ் வேதாகமத்தில் ‘மாயக்காரர்’ என்றும், பொதுமொழிபெயர்ப்பில் ‘வெளிவேடக்காரர்’ என்றும் வரும் சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் இருப்பது ‘ஹுப்போகிரிட்டேஸ்’. அன்றைய வழக்கில் அது நாடக மேடையில் நடிக்கிறவனைக் குறித்தது. நடிகனுக்குப் பார்வையாளர் வேண்டும்; அரங்கம் காலியானால் அவனுக்கு வேலை இல்லை. மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் தர்மம், ஜெபம், உபவாசம் ஆகிய மூன்றைப் பற்றியும் பேசும் இயேசு, மனுஷர் காணவேண்டுமென்று இவற்றைச் செய்கிறவர்கள் ‘தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது’ என்று மூன்று முறையும் ஒரே தீர்ப்பைச் சொல்கிறார். அங்கே வரும் கிரேக்க வினைச்சொல், அக்காலத்து ரசீதுகளில் ‘முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்ற பொருளில் எழுதப்பட்ட சொல். ஊரார் ‘நல்ல ஜெபவீரர்’ என்று சொன்னதுமே அந்த ரசீது கையில் வந்துவிடுகிறது; அதற்கு மேல் தேவனிடம் வாங்க வேண்டியது எதுவும் மீதியில்லை. இத்தனை ஜெபித்தும் சமாதானம் வரவில்லையே என்று ஏங்குகிறவர்கள் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டியது இந்த ரசீதைத்தான்.

எனவே யாரும் பார்க்காத ஓர் இடத்தைத் தேடிக்கொள்வதே முதல் வேலை. ‘உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி’ என்று இயேசு சொன்ன அந்த அறையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் பண்டசாலையையும் குறிக்கும். தானியமும் தட்டுமுட்டுச் சாமான்களும் வைக்கும் உள்ளறை என்று எடுத்துக்கொள்ளலாம். தனியறை இல்லாத வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு மொட்டைமாடி உண்டு, மற்றவர்கள் எழும்புமுன் அடுப்படி உண்டு. தினமும் 15 நிமிடம் போதும். அந்த 15 நிமிடத்தில் சபையில் பேசும் ஜெப பாஷையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ‘மகா பரிசுத்தமும் மகிமையும் நிறைந்த எங்கள் பரம தகப்பனே’ என்று தொடங்கிவிட்டால், நாக்கு பழகிய தடத்தில் ஓட, இருதயம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. ‘ஆண்டவரே, இன்று கடையில் எடை குறைத்துக் கொடுத்தேன்’, ‘என் தம்பி மகனுக்கு வேலை கிடைத்ததைக் கேட்டு எனக்கு எரிச்சலாக இருந்தது’ என்று வீட்டில் பேசுகிற தமிழிலேயே சொல்லுங்கள். 139ஆம் சங்கீதத்தின் கடைசியில் வரும் ‘தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்’ என்ற வேண்டுதலை மெதுவாகச் சொல்லி, அதன்பின் சற்றுநேரம் வாயை மூடிக்கொண்டிருங்கள். தொடக்கத்தில் அந்த மௌனம் மிகவும் கனமாக இருக்கும்; எழுந்து போய்விடத் தோன்றும். உட்கார்ந்திருங்கள். இப்படி ஜெபிக்கத் தொடங்கியிருப்பதைச் சாட்சியாகவோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகவோ யாருக்கும் அறிவிக்க வேண்டாம்.

கொடுப்பதிலும் இதே பழக்கம் வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில்களில் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். காணிக்கையாக வந்த வாழைத்தாரும் பூசணிக்காயும் சேவலும் பந்தலின் கீழே இருக்க, ஏலம் கூறுகிறவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார். ஏழை விசுவாசி தோட்டத்திலிருந்து கொண்டுவந்த காய், ஆலயத்துக்கு நல்ல தொகையாக மாறும் அழகான வழக்கம் அது. ஆனால் இரண்டு குடும்பங்கள் ஒரே பூசணிக்காய்க்கு விட்டுக்கொடுக்காமல் கேட்கத் தொடங்கும்போது அங்கே நிற்கும் முகங்களைக் கவனித்துப் பாருங்கள். கேட்கிறவருடைய கண் காயின்மேல் இருக்காது. எதிர்த்துக் கேட்கிறவரின் முகத்தின்மேல் இருக்கும். நான் அப்படிக் கேட்டிருக்கிறேன், ஜெயித்துமிருக்கிறேன். அன்று இரவு வீட்டுக்குக் கொண்டுவந்த காயைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஏலத்தில் கேட்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அதோடுகூட, மாதத்துக்கு ஒரு கொடையாவது வாங்குகிறவருக்கும் தெரியாதபடி கொடுத்துப் பழகுங்கள். ஒரு பிள்ளையின் கல்விக்கட்டணத்தைப் பள்ளி அலுவலகத்தில் பெயர் சொல்லாமல் கட்டலாம். பின்னர் அந்தக் குடும்பம் வேறு யாரோ கட்டினதாக நினைத்து, உங்கள் எதிரிலேயே அவருக்கு நன்றி சொல்லக்கூடும். அந்த நேரத்தில் பேசாமல் நிற்கக் கற்றுக்கொள்வதுதான் பயிற்சி.

அடுத்து, பிறருக்குக் கொடுக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுப்பது. ஆட்டைத் திருடி விற்றவன் ஒன்றுக்கு நான்காகக் கொடுக்க வேண்டும் என்பது யாத்திராகமச் சட்டம். வரி வசூலிக்கிறவனான சகேயு இயேசுவிடம் ‘நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்’ என்று சொன்னபோது, யாரும் கேட்காமலே தன்னைத் திருடன் வரிசையில் நிறுத்திக்கொண்டான். நீங்களும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: திருப்பித் தராத கடன், கூலியில் பிடித்த பணம், வரதட்சணையாகக் கேட்டு வாங்கிய நகை. ஆள் உயிரோடு இருந்தால் அவரிடமே கொடுங்கள். இறந்துபோயிருந்தால் அவருடைய பிள்ளைகளிடம் கொடுங்கள். அந்தத் தொகையைக் காணிக்கைப் பையில் போட்டுவிட்டுக் கணக்குத் தீர்ந்தது என்று மட்டும் எண்ணாதீர்கள். அது அயலானுடைய பணம்.

தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நாம் சாதியைத் தொடாமல் மாயத்தைப் பற்றிப் பேசினால் அந்தப் பேச்சே மாயமாகிவிடும். 1833ஆம் ஆண்டில் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமையைத் தீர்மானமாகவும் உடனடியாகவும் முடிவாகவும் விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஒரே பந்தியில் திருவிருந்து எடுக்க மனமில்லாத பலர் அப்போது சபையை விட்டே வெளியேறினார்கள். ரோமன் கத்தோலிக்கரிடத்திலும் இதே கதைதான்: வடக்கன்குளத்தில் 1872இல் எழும்பிய ஆலயம், இரண்டு சாதியாரும் ஒருவரையொருவர் பாராமல் ஒரே பலிபீடத்தைப் பார்க்கும்படி, இரண்டு கிளைகளாகப் பிரித்துக் கட்டப்பட்டது. நடுவில் இருந்த சுவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிக்கப்பட்டது. செங்கல் சுவர் போனபின்பும் அந்தச் சுவர் எங்கெல்லாம் நிற்கிறது என்பதை நீங்கள் உங்கள் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். வேலைக்கு வருகிறவருக்குக் காப்பி கொடுக்கும் தம்ளர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில் யார் எந்தப் பக்கத்தில் அடக்கம்பண்ணப்படுகிறார்கள் என்று பாருங்கள். கடைசியாக, உங்கள் மகளுக்காக நீங்கள் கொடுத்த, அல்லது கொடுக்கப்போகிற, மணமகன் தேவை விளம்பரத்தை எடுத்து வாசியுங்கள். ‘இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற’ என்ற சொற்களுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் இருக்குமானால், அந்த விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவைப் பூட்டி முழங்காலிடுங்கள். இந்த ஒரு காரியத்தில் நம்மில் பலர் தலைமுறை தலைமுறையாகத் தேவனோடு பேசவே இல்லை. பேசத் தொடங்கினால் வீட்டில் சண்டை வரும். உறவினர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இருந்தாலும், ஆராதனையில் ‘கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று’ என்று வாசிக்கையில் உள்ளுக்குள் ஒரு முள் குத்துகிறதே, அது குத்தாமல் போக வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஒளித்து வைத்த பாவத்தை ஒரு மனிதரிடமாவது வாய்விட்டுச் சொல்வது அடுத்தபடியான உதவி. ‘நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு, உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு’ என்று யாக்கோபு எழுதியதைச் சீர்திருத்தச் சபையாராகிய நாம் பெரும்பாலும் கத்தோலிக்கருக்குரியதாக ஒதுக்கிவிட்டோம். ஆனால் 1935 முதல் 1937 வரை ஜெர்மனியின் ஃபிங்கன்வால்டேயில் சீர்திருத்தச் சபைக் குருமாணவர்களைப் பயிற்றுவித்த இறையியலாளர் டீட்ரிச் பான்ஹோஃபர், திருவிருந்துக்கு முன் ஒருவரிடம் ஒருவர் பாவத்தை அறிக்கையிடும்படி அவர்களை ஊக்குவித்தார். அந்தப் பயிற்சிப் பள்ளியை நாஜிக் காவல்துறை மூடியது. 1945 ஏப்ரல் 9இல் பான்ஹோஃபர் தூக்கிலிடப்பட்டார். யாரிடம் சொல்வது என்பதில் கவனமாயிருங்கள். சபைப் பதவிக்குப் போட்டியிடுகிறவரிடமும், உங்களை உடனே தேற்றிவிடுகிறவரிடமும் சொல்ல வேண்டாம். தாமும் விழுந்து எழுந்த ஒரு மூத்தவரைத் தேடுங்கள். குற்றம் சட்டத்துக்கு உட்பட்டதாக இருந்தால், குறிப்பாக ஒரு பிள்ளைக்குச் செய்த தீங்காக இருந்தால், ஜெபமும் அறிக்கையும் காவல் நிலையத்துக்குப் பதிலாகா.

தாம் வேஷம் போடாமல் பிறருடைய வேஷத்தால் நொறுக்கப்பட்டு இதை வாசிக்கிறவர்களும் இருப்பீர்கள். ‘அவர்கள் சொல்லியும் செய்யாதிருக்கிறார்கள்’ என்று முதலில் மனம் வெதும்பிப் பேசியவர் இயேசுவே. உங்கள் கோபத்தைக் கண்டு அவர் திடுக்கிடமாட்டார். சபைக் கணக்கைக் கேளுங்கள். எழுத்து மூலமாகக் கேளுங்கள். நீங்களோ உங்கள் பிள்ளைகளோ பாதுகாப்பாக இல்லையென்றால் வெளியேறி வேறொரு சபையில் பின்வரிசையில் உட்காருங்கள். சில காலம் எந்தப் பொறுப்பையும் ஏற்காமலிருப்பதும் நல்லதே.

‘என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன்’ என்று இயேசு சொன்னது, யூதாஸ் அவரைக் காட்டிக்கொடுக்க எழுந்துபோன அதே இராத்திரியில். சுற்றிலும் எல்லாம் சரியான பிறகு வருகிற நிம்மதியை அவர் வாக்குப்பண்ணவில்லை. இதை நான் அறிந்தது ஒரு திருவிருந்தில்தான். எங்கள் தகப்பனார் காலமானபின், வீட்டை ஒட்டிய சிறு துண்டு நிலத்துக்காக நானும் என் அண்ணனும் நான்கு ஆண்டுகள் பேசவில்லை. ஆனால் மாதந்தோறும் ஒரே கோயிலில் திருவிருந்து எடுத்துவந்தோம். ஒரு ஞாயிறன்று தற்செயலாக என் பக்கத்தில் அவர் முழங்காலிட்டார். அண்ணன் குடித்த பாத்திரத்தின் விளிம்பைக் குருவானவர் வெள்ளைத் துணியால் துடைத்து, சற்றே திருப்பி, என் உதட்டில் வைத்தார். ஒருவர் வீட்டில் மற்றவர் தண்ணீர் வாங்கிக் குடிக்காத நாங்கள் ஒரே பாத்திரத்தில் குடித்துக்கொண்டிருந்தோம். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முன்பு போய் ஒப்புரவாகு என்ற வசனத்தைப் பிறருக்கு நான் பிரசங்கித்திருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் தயாரித்த வாக்கியங்கள் வாசலிலேயே மறந்துபோயின. இந்த ஒன்றை மட்டும் நீங்களும் அப்படியே செய்யலாம்: நிலத்தைப் பற்றியோ, அவர் செய்ததைப் பற்றியோ பேசாமல், நான் செய்ததை மட்டும் சொன்னேன். ‘அண்ணே, அப்பா அடக்கத்தன்று நாலு பேர் முன்னால் உங்களைப் பேசினது என் தப்பு’ என்றேன். அவர் வெகுநேரம் பதில் சொல்லவில்லை. மதினி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். கடைசியில் அண்ணன், ‘காப்பி ஆறுது, குடி’ என்றார்.

நிலம் இன்றுவரை பிரிக்கப்படவில்லை. பட்டாவும் தகப்பனார் பெயரிலேயே இருக்கிறது. அன்று இரவு நான் ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கிவிட்டதாக என் மனைவி சொன்னாள்.