ஜமைக்கா கடற்கரையில் கல்யாணம்: முதல்முறை ஏற்பாடு செய்பவர்களுக்குப் படிப்படியாக

ஜமைக்காவில் கல்யாணம் என்று பேச்சு எழுந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது கடலோர மண்டபப் படங்களைத்தான். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் காகிதம், அடுத்து விருந்தினர் வந்துசேரும் வழி, பிறகு தேதி, அதன் பின்புதான் ரிசார்ட். இந்த வரிசை மாறினால் கட்டிய முன்பணம் திரும்பி வராது. ஒரு வருடம் கையில் இருந்தால் நிதானமாகச் செய்யலாம்.

படி 1: பதிவு எங்கே, சடங்கு எங்கே?

வெளிநாட்டவருக்குக் கல்யாணச் சட்டம் எளிதாக உள்ள கரீபியன் தீவுகளில் ஜமைக்காவும் ஒன்று. வந்து இறங்கி 24 மணி நேரம் ஆனால் போதும், திருமண லைசென்ஸின் பேரில் மணம் முடிக்கலாம். லைசென்ஸ் தருவது தேசியப் பாதுகாப்பு அமைச்சகம். கட்டணம் 4,000 ஜமைக்கா டாலர். எல்லாத் தீவிலும் இப்படி இல்லை. பிரான்சின் தீவுகளான குவாதலூப், மார்த்தினிக் இரண்டிலும் பிரெஞ்சுச் சட்டம் நடப்பதால், அங்கே வசிப்பிடத் தொடர்பு காட்டாமல் பதிவு செய்ய முடியாது.

தாலி கட்டினால் மட்டும் அங்கே சட்டப்படி கல்யாணம் ஆகிவிடாது. உரிமம் பெற்ற திருமண அதிகாரி ஒருவர் முன்னால், இரண்டு சாட்சிகளோடு, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் அழைத்துச் செல்லும் ஐயருக்கு அந்த உரிமம் இருக்காது. அதனால் இருவரும் ஒரே ஊரில் இருப்பவர்கள் என்றால் ஊரிலேயே பதிவை முடித்துவிட்டு, ஜமைக்காவில் சடங்கை மட்டும் வைத்துக்கொள்வதுதான் நல்லது. பாதித் தலைவலி அங்கேயே தீர்ந்துவிடும்.

படி 2: பெயரை ஒழுங்கு செய்யுங்கள்

ஜமைக்காவிலேயே பதிவு என்று முடிவெடுத்தால் கேட்கப்படுபவை: பாஸ்போர்ட் நகல், தகப்பனார் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழின் சான்றளித்த நகல், ஏற்கனவே மணமானவர் என்றால் விவாகரத்து ஆணை அல்லது முந்தைய துணையின் இறப்புச் சான்றிதழ்.

தமிழர்கள் சிக்கிக்கொள்வது பெயரில்தான். பிறப்புச் சான்றிதழில் ‘செ. கார்த்திகேயன்’, பாஸ்போர்ட்டில் ‘கார்த்திகேயன் செல்வராஜ்’, பட்டத்தில் ‘கார்த்திகேயன் எஸ்’. நமக்கு மூன்றும் ஒரே ஆள். ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்கு மூன்று ஆட்கள். பழைய சான்றிதழ்களில் குழந்தையின் பெயரே இருக்காது. ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும். அப்படியானால் முதலில் ஊரில் பிறப்புப் பதிவாளரிடம் பெயர் சேர்க்க வேண்டும். தமிழில் மட்டும் உள்ள சான்றிதழுக்கு நோட்டரி சான்றுடன் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுங்கள். எழுத்துக்கூட்டல் மாறினால் ‘இருவரும் ஒருவரே’ என்ற பிரமாணப் பத்திரமும் தேவைப்படும். இவற்றுக்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். நகல்களைக் கல்யாணத்துக்கு ஆறு வாரம் முன்பாவது ரிசார்ட்டின் ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பிவிட்டால், லைசென்ஸ் விண்ணப்பத்தை அவர்களே கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

படி 3: விருந்தினர் எந்த வழியாக வருவார்கள்?

டொராண்டோவிலிருந்து ஜமைக்காவின் வடமேற்குக் கரை நகரமான மான்டேகோ பேக்கு நேரடி விமானத்தில் நான்கு மணி நேரம்தான். கனடாத் தமிழர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. சென்னையிலிருந்து வருபவர்களின் கதை வேறு. இந்திய பாஸ்போர்ட்டில் சுற்றுலாவாக வருபவர்களிடம் ஜமைக்கா முன்விசா கேட்பதில்லை. ஆனால் வழியில் மயாமியிலோ நியூயார்க்கிலோ விமானம் மாறினால், இரண்டு மணி நேரத்துக்கானாலும், அமெரிக்க விசா வேண்டும். ‘ஜமைக்காவுக்கு விசா வேண்டாம்’ என்ற ஒரு வரியை நம்பி டிக்கெட் போட்டவர்களைச் சென்னை விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். லண்டன், டொராண்டோ வழிகளுக்கும் தனித்தனி டிரான்சிட் விதிகள் உண்டு. பெரியவர்கள் யார் யார், யாரிடம் என்ன விசா இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்ட பிறகே தேதி பேசுங்கள்.

படி 4: தேதி

டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு, விலை அதிகம். மே மாதமும் அக்டோபரும் மழைக்காலம். புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 2025 அக்டோபர் 28 அன்று மெலிஸா புயல் புயல் அளவில் உச்சமான ஐந்தாம் வகைப் பலத்தோடு தீவின் மேற்குப் பகுதியில் கரையேறிப் பெரும் சேதம் செய்தது. அந்தப் பக்கத்தில் இடம் பார்ப்பதானால் பழைய படங்களை நம்பாமல், இந்த மாதம் எடுத்த வீடியோ கேளுங்கள். மீண்டு வரும் ஊரில் செலவழிப்பது நல்ல காரியம். என்ன திறந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு செலவழியுங்கள்.

முகூர்த்தத்தை அங்குள்ள நேரத்துக்குக் கணிக்கச் சொல்லுங்கள். ஜமைக்கா இந்தியாவுக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். சென்னையில் காலை 6 மணிக்குப் பிறக்கும் திதி அங்கே முந்தைய நாள் இரவு 7.30க்கே பிறந்துவிடும். ராகு காலத்தையும் அங்குள்ள சூரிய உதயத்தை வைத்தே பார்க்க வேண்டும்.

படி 5: இடமும் ஒப்பந்தமும்

தீவின் மேற்கு முனையில் உள்ள ‘நெக்ரில்’ என்ற ஊருக்கு மேற்கு பார்த்த கரை. கடலுக்குள் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். டிசம்பரில் மாலை 5.40 வாக்கில், ஜூனில் 6.50 வாக்கில். மான்டேகோ பே விமான நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். வயதானவர்கள் அதிகம் என்றால் மான்டேகோ பேயிலேயே இருங்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை உற்றுப் படியுங்கள். பிடித்துவைத்த அறைகளில் எத்தனை நிரம்பாவிட்டால் நீங்கள் பணம் கட்ட வேண்டும்? வெளியிலிருந்து சமையல்காரரோ நாதஸ்வரக்காரரோ வந்தால் தனிக் கட்டணம் எவ்வளவு? புயல் வந்தால் தேதி மாற்றமா, பணம் திருப்பமா? வாயால் சொன்னது எதுவும் செல்லாது.

படி 6: மணலில் மண்டபம்

கடற்கரையில் மண்டபத்தின் எதிரி காற்று. பகலில் கடலிலிருந்து வீசும் காற்றுக்கு ஜமைக்காக்காரர்கள் ‘டாக்டர் பிரீஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முற்பகலில் எழுந்து பிற்பகலில் வலுக்கும். காலையில் அமைதி. நம் முகூர்த்தங்களும் பெரும்பாலும் காலையில்தான் என்பது நல்ல பொருத்தம். 9 மணிக்குள் தாலி கட்டிவிடுங்கள், மாலையை வரவேற்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தடிக்குப் பத்தடி துணி என்பது சுமார் 9 சதுர மீட்டர். மணிக்கு 28 கிலோமீட்டர் காற்று அதில் நேராக மோதினால் 30 கிலோவுக்கு மேல் இழுக்கும். மணலில் வெறுமனே குத்திய கம்பம் தாங்காது. ஒவ்வொரு கம்பத்தையும் 20 லிட்டர் வாளியில் நிறுத்தி ஈர மணலைக் கெட்டித்து நிரப்புங்கள். ஒரு வாளியே 30 கிலோவுக்கு மேல் வரும். நான்கு மூலையிலிருந்தும் கயிறு இழுத்துக் கட்டுங்கள். காற்று வரும் பக்கம் துணி வேண்டாம், பூச்சரம் மட்டும் தொங்கட்டும்.

ஹோமத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஓலைக் கூரைக்குக் கீழே தீ மூட்ட எந்த ரிசார்ட்டும் சம்மதிக்காது. உலோகக் குண்டம், அதைச் சுற்றி மணல், கையெட்டும் தூரத்தில் தீயணைப்பான் என்று முதலிலேயே சொன்னால் பேச்சு சுலபமாக முடியும்.

படி 7: சாப்பாடும் பெட்டியும்

சைவச் சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். ஜமைக்காவில் பிறந்த ராஸ்தாஃபாரி சமயத்தாரின் ‘ஐட்டல்’ சமையலில் இறைச்சி கிடையாது. அந்தச் சொல்லைச் சொன்னாலே சமையல்காரருக்குப் புரியும். உப்பும் போடாமல் விடுவார்கள், அதை மட்டும் கேட்டு வாங்குங்கள். அங்கே ‘கலலூ’ என்று விற்பது நம் குப்பைக்கீரை வகைதான். தேங்காய் போட்டுப் பொரியல் செய்யச் சொல்லலாம்.

மாவிலை, வெற்றிலை, பூ, பழம் எதையும் பெட்டியில் கொண்டுபோகாதீர்கள். விமான நிலையத்தில் பறிமுதல் ஆகும். தேங்காய், வாழை, மாவிலை தீவிலேயே கிடைக்கும். மல்லிகை மாலைக்குப் பதில் பட்டுத்துணி மாலை கொண்டுபோகலாம். தாலியும் கூரைப்புடவையும் கைப்பையில்தான் வர வேண்டும். அங்கே மின்சாரம் 110 வோல்ட், தட்டை முள் பிளக். இந்தியாவில் வாங்கிய முடி நேராக்கும் கருவி சூடே ஏறாது. இரு வோல்ட்டேஜுக்கும் ஏற்றதை வாங்குங்கள்.

படி 8: கடைசி நாட்களும் அதற்குப் பிறகும்

மணமக்கள் மூன்று நாள் முன்பே போய்விடுங்கள். 24 மணி நேர விதிக்கு ஒரு நாள் போதும். விமானம் தாமதமானாலோ பெட்டி தொலைந்தாலோ மீதி இரண்டு நாள் கைகொடுக்கும்.

கையெழுத்துப் போடும் முன் பதிவேட்டில் உள்ள பெயர்களைப் பாஸ்போர்ட்டை வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். அன்று அதிகாரி தரும் தாள் இறுதிச் சான்றிதழ் அல்ல. சான்றளித்த திருமணச் சான்றிதழை ஜமைக்காவின் பதிவாளர் நாயகம் துறையிலிருந்து தனியாக வாங்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். மூன்று பிரதி கேளுங்கள். 2021 முதல் ஜமைக்கா அப்போஸ்டில் உடன்படிக்கையில் (ஒரு நாட்டின் ஆவணத்தை ஒரே முத்திரையில் மற்ற உறுப்பு நாடுகள் ஏற்கும் ஏற்பாடு) இருப்பதால், அங்குள்ள வெளியுறவு அமைச்சகத்தில் முத்திரை வாங்கினால் இந்தியாவில் அப்படியே காட்டலாம். அந்த வேலையையும் சேர்த்தே ஒருங்கிணைப்பாளரிடம் கூலி பேசிவிட்டு விமானம் ஏறுங்கள்.