ஹவாசு பாலைவனத்தில் சோலார் சண்டித்தனம்: தீர்ந்த கதை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், லேக் ஹவாசு நகருக்கு வடக்கே, கிரேக்கி வாஷ் பள்ளத்தாக்கில் 14 நாள்கள் வரை இலவசமாக முகாமிடலாம். மின்சாரமும் தண்ணீரும் நம் பொறுப்பு. டிசம்பரில் அங்கே, மேகமே இல்லாத வானத்திலும் என் வேனின் பேட்டரி பாதிக்கு மேல் ஏறவில்லை. வேன் கூரையிலுள்ள சோலார் பேனல்களின் தூசியைத் துடைத்தேன், வயர்களைக் கழற்றி மாட்டினேன், பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் சார்ஜ் கன்ட்ரோலரையும் மாற்றினேன். பயனில்லை.

கடைசியில் நண்பகலில் ஏணி போட்டுக் கூரையைப் பார்த்தேன். கூரை மின்விசிறி மூடியின் நிழல், விரற்கடை அகலத்தில், ஒரு பேனலின் ஓரத்தில் விழுந்திருந்தது. அந்த மாதத்தில் சூரியன் உச்சியிலேயே சுமார் 32 பாகைதான் எழும். கோடையில் கண்ணில் படாத நிழல் அப்போது நீண்டுவிடுகிறது. பேனல்கள் தொடர் இணைப்பில், அதாவது ஒன்றன் மின்னோட்டம் மற்றதன் வழியாகவே செல்லும்படி, இருந்ததால், ஒன்றில் விழுந்த நிழல் மற்றதையும் முடக்கியது. ஒவ்வொன்றும் தனித்தனியே மின்சாரம் தரும் பக்க இணைப்புக்கு மாற்றி, பேனல்களைத் தெற்கு நோக்கிச் சாய்த்தேன். அப்பாடா, மறுநாள் மாலைக்குள் பேட்டரி நிரம்பிவிட்டது.