காடைக் கூண்டுக்குள் ஒரு துணிக் கூரை

காடைக் கூண்டின் மேல்கம்பிக்கு 2 அங்குலம் கீழே பழைய வேட்டியையோ கொசுவலையையோ நான்கு மூலையிலும் இழுக்காமல், கொஞ்சம் தொங்கலாகக் கட்டிவிடுங்கள். தலையில் அடிபட்டுக் காடை சாவது பெருமளவு குறையும். செலவு என்று ஒன்றும் இல்லை.

காடை மிரண்டால் கோழி மாதிரி ஓடாது, நேராக மேலே எகிறும். கம்பியில் மோதினால் மண்டைத் தோல் கிழியும், சில சமயம் அங்கேயே செத்துவிழும். தொங்கும் துணி அந்த வேகத்தை வாங்கிக்கொள்கிறது. பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வீடுகளில் இரவில் மரநாய் கூரையில் நடந்தாலே போதும். நென்மாறா வல்லங்கி வேலா என்ற கோயில் திருவிழாவுக்கு வெடிக்கட்டு (வாணவேடிக்கை) போடும் ராத்திரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்!

கூண்டு 1 அடிக்கும் குறைந்த உயரம் என்றால் இது தேவையில்லை; எகிற இடமே இராது. ஆள் நின்று நடக்கும் உயரக் கொட்டகையிலும் அவ்வளவாக வேண்டாம், பறந்து திரும்ப இடம் கிடைத்துவிடும். ஆபத்து 2 முதல் 5 அடி உயரத்தில்தான். முயல் கூண்டை வாங்கிக் காடை விடுகிறவர்கள் கவனிக்க.

குஞ்சுகளுக்குச் சூட்டு பல்பு எரியும் பெட்டியில் துணி கட்டவே கூடாது, தீப்பிடிக்கும். மார்ச், ஏப்ரல் வெயிலுக்கு வேட்டியை எடுத்துவிட்டு வலை மட்டும் போடுங்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் துணி நமுத்துப் பூஞ்சை பிடிக்கும், அப்போதும் வலைதான். பிரிந்த நூல் தொங்கினால் நறுக்கிவிடுங்கள், காலில் சுற்றிக்கொள்ளும்.