குதிரை ஷோ சங்கத்தில் கட்டண உயர்வை எதிர்க்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

குதிரை ஷோ நடத்தும் சங்கத்திலிருந்து ஓர் அறிவிப்பு வருகிறது. அடுத்த சீசனிலிருந்து, குதிரையைப் போட்டியில் இறக்கக் கட்டும் நுழைவுக் கட்டணம் கூடும், பரிசுப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் முறையும் மாறும். அன்று இரவே உறுப்பினர்களின் போன்கள் ஓயாமல் அடிக்கும். "பகல் கொள்ளை" என்பார் ஒருவர். "இனிமேல் குதிரையை வண்டியில் ஏற்றவே மாட்டேன்" என்பார் இன்னொருவர். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் புதிய கட்டணம் அப்படியே அமலுக்கு வந்திருக்கும். நியாயம் பெரும்பாலும் எதிர்த்தவர்கள் பக்கம்தான் இருந்திருக்கும். அதைக் கொண்டுபோன விதத்தில் கோட்டை விட்டிருப்பார்கள்.

இவற்றில் பெரிய தவறு, கட்டணத்தையும் பரிசுப் பணத்தையும் தனித்தனியாகப் பேசுவது. கட்டணம் 20 சதவீதம் ஏறிவிட்டது என்று கொதிப்பார்கள். நிர்வாகக் குழுவில் ஒருவர் எழுந்து, "பரிசுத் தொகையும்தானே உயர்கிறது" என்பார். அதோடு பேச்சு நின்றுவிடும். இரண்டும் ஒரே பையிலிருந்து வரும் பணம். சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் உண்மை தெரியும். ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

ஒரு பிரிவில் 20 குதிரைகள், தலைக்குக் கட்டணம் 100 என்று வைத்துக்கொள்வோம். வசூல் 2000. அதில் சங்கம் 30 சதவீதம், அதாவது 600, செலவுக்கு எடுத்துக்கொள்கிறது. மீதி 1400. ஸ்பான்சரோ சங்கமோ மேலே போடும் பணத்தை ஆடட் மணி என்பார்கள். அது 1000 என்றால் பரிசுக்கு மொத்தம் 2400. இப்போது கட்டணத்தை 120 ஆக்கி, சங்கத்தின் பங்கையும் 40 சதவீதமாக ஏற்றுகிறார்கள். வசூல் 2400, சங்கத்துக்கு 960, மீதி 1440. ஆடட் மணியோடு சேர்த்து பரிசுக்கு 2440. "பரிசுத் தொகை உயர்கிறது" என்று அறிவிப்பில் எழுதினால் அது பொய்யில்லை, 40 உயர்ந்திருக்கிறது. ஆனால் உறுப்பினர்கள் கூடுதலாகக் கட்டியது 400. பாக்கி 360 சங்கத்தின் கணக்குக்குப் போயிருக்கிறது.

இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் வேறொன்று தெரியும். முன்பு ஆறு இடங்களுக்குப் பரிசு, இனி நான்கு இடங்களுக்கு மட்டும் என்று வைப்போம். பழைய பங்கு முறையே 30, 22, 17, 13, 10, 8 சதவீதம். புதியது 40, 30, 20, 10. முதலிடத்துக்கு 720 கிடைத்தது, இனி 976. நான்காம் இடத்துக்கு 312 கிடைத்தது, இனி 244. ஐந்தாவதாக வந்தவர் 100 கட்டி 240 வாங்கிப் போனார். இனி 120 கட்டிவிட்டு வெறுங்கையோடு போவார். மொத்தத் தொகை ஏறியும், முன்பு பரிசு வாங்கிய ஆறு இடங்களில் பாதிக்கு நஷ்டம்.

என்னை உறுத்துவது இதற்கு அடுத்த வரிதான். "கட்டணத்தை ஏற்றினால் ஆட்கள் வரமாட்டார்கள், சங்கம் நஷ்டப்படும், தானாகவே இறங்கி வருவார்கள்" என்று உறுப்பினர்கள் நம்புகிறார்கள். அதே கணக்கில் 20 குதிரைக்குப் பதில் 13 மட்டுமே வந்தாலும் சங்கத்தின் பங்கு 624. பழைய 600ஐ விட அதிகம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆட்கள் குறைந்த பிறகும் இந்த வரவு நன்றாகவே தெரியும். அதுவரை காத்திருந்தால் ஷோ இளைத்துப் போயிருக்கும். லாயக் கட்டணம், ஆபீஸ் கட்டணம், மருந்துப் பரிசோதனைக் கட்டணம் எல்லாம் தனி. அவற்றையும் உங்கள் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள், குதிரைகள் குறைந்தால் அவையும் குறையும். எத்தனை குதிரைகள் குறைந்தால் சங்கத்துக்கு நஷ்டம் தொடங்குகிறது என்று காட்டினால், அதுவரை அசையாத நிர்வாகிகளும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சரி, கணக்கு கையில் இருக்கிறது. அடுத்து பலர் செய்வது, பக்கத்துச் சங்கத்தோடு ஒப்பிடுவது. "அங்கே கட்டணம் பாதிதான்." இந்த வாதம் எளிதில் உடையும். கட்டிங் போட்டியில் ஒரு குதிரைக்கு இரண்டரை நிமிடம், அதற்குள் மந்தையிலிருந்து மாட்டைப் பிரித்துக் காட்ட வேண்டும். வேலை பழகிவிட்ட மாடு உதவாது, புதிய மாடுகளைக் கொண்டுவந்துகொண்டே இருக்க வேண்டும். குதிரையை வட்டமிடவும் சுழலவும் சறுக்கி நிற்கவும் வைத்துக் காட்டும் ரெய்னிங் போட்டியில் அந்தச் செலவு கிடையாது, அங்கே மாடே இல்லை. தாண்டும் போட்டிகளுக்குத் தடைகளும், பாதையை வடிவமைப்பவரும் வேண்டும். நடுவர்களின் சம்பளமும் பயணமும், மைதான வாடகை, மண் பராமரிப்பு, இன்சூரன்ஸ், ஆம்புலன்ஸ் என்று எல்லாருக்கும் பொதுவான செலவுகளும் உண்டு. அவை நிஜமாகவே ஏறியிருக்கலாம். அதை ஒத்துக்கொண்டு பேசுபவருக்குத்தான் சபையில் மரியாதை கிடைக்கும். ஒப்பிட வேண்டுமானால் உங்கள் சங்கத்தின் சென்ற மூன்று ஆண்டுக் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற சங்கங்கள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் ஃபார்ம் 990ஐ மூன்று ஆண்டுகள் வரை யார் கேட்டாலும் காட்டியாக வேண்டும். வரவு, செலவு, உயர் நிர்வாகிகளின் சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். உறுப்பினர் எழுத்தில் கேட்டால் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவும் பல மாநிலச் சட்டங்கள் இடம் தருகின்றன. இதைப் படிக்காமல் "பணம் எங்கே போகிறது" என்று கூட்டத்தில் கத்துவது வீண்.

அடுத்த தவறு, யார் கையில் முடிவு இருக்கிறது என்று பார்க்காமலே போராடுவது. எனக்குத் தெரிந்து அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். முந்நூறு கையெழுத்தோடு பொதுக்குழுவுக்குப் போவார்கள். தலைவர் அமைதியாகச் சொல்வார்: "சங்கத்தின் அமைப்பு விதியான பைலாப்படி கட்டணத்தை நிர்ணயிப்பது நிர்வாகக் குழுவின் அதிகாரம். பொதுக்குழு இதில் ஓட்டுப் போட முடியாது." அவ்வளவுதான், மூன்று மாத உழைப்பு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

எனவே முதலில் மூன்று தாள்களைப் பிரித்து வையுங்கள். பைலா ஒன்று, போட்டி விதிப் புத்தகம் ஒன்று, அந்தந்த ஷோவுக்குக் கட்டணத்தையும் பரிசையும் எழுதி அச்சிடும் பரிசுப் பட்டியல் ஒன்று. நீங்கள் எதிர்க்கும் மாற்றம் எதில் எழுதப்பட்டிருக்கிறது? பைலாவில் என்றால் அதைத் திருத்த உறுப்பினர்களின் ஓட்டு வேண்டியிருக்கலாம், பெரும்பாலும் மூன்றில் இரண்டு பங்கு. விதிப் புத்தகத்தில் என்றால் விதிக் குழு வழியாகப் போக வேண்டும், அதற்குக் கடைசித் தேதி இருக்கும். பரிசுப் பட்டியலில் மட்டும் என்றால் நிர்வாகக் குழுவே ஒரு கூட்டத்தில் மாற்றிவிடும், அங்கே நேராகப் பேசுவதே சரி. அமெரிக்கச் சங்கங்களில் பல, 1876இல் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற ராணுவ அதிகாரி எழுதிய கூட்ட நடைமுறை நூலையே கூட்ட விதியாக ஏற்றிருக்கின்றன. முன்னறிவிப்பு, கோரம் (கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச வருகை), தீர்மானம், வழிமொழிதல் எல்லாம் அதில் இருக்கும். உங்கள் சங்கம் அதைப் பின்பற்றுகிறதா என்று பைலாவின் கடைசிப் பக்கங்களில் தேடுங்கள்.

கையெழுத்துத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை. பெயரும் கையெழுத்தும் மட்டும் போதாது. உறுப்பினர் எண், தேதி, மேலே கோரிக்கையின் முழு வாசகம், இவை ஒவ்வொரு பக்கத்திலும் இருக்க வேண்டும். இரண்டாம் பக்கத்தில் வாசகம் இல்லாவிட்டால், "இவர்கள் எதற்குக் கையெழுத்துப் போட்டார்கள்?" என்று கேட்பார்கள். அப்புறம் சந்தா காலாவதியானவர்களின் பெயரை அடித்துவிடுவார்கள். சிறப்புக் கூட்டம் கூட்ட இத்தனை சதவீத உறுப்பினர்கள் வேண்டும் என்று பைலாவில் இருந்தால், அந்தக் கணக்கில் இரண்டு பேர் குறைந்தாலும் மனு செல்லாது.

அதனால்தான் கோபத்தில் சந்தா கட்டாமல் விடுவது மகா தவறு. "என் எதிர்ப்பைக் காட்ட நான் புதுப்பிக்கவில்லை" என்று பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஓட்டு போய்விட்டது, பேசும் உரிமை போய்விட்டது, தேர்தலில் நிற்கும் வாய்ப்பும் போய்விட்டது. உள்ளே மிச்சம் இருப்பவர்களில் எதிர்ப்பவர்களின் எண்ணிக்கை ஒன்று குறைந்துவிட்டது. ஷோவுக்குப் போகாமல் இருப்பது வேறு, அது உங்கள் விருப்பம். சந்தாவை மட்டும் கட்டிவிடுங்கள்.

இளம் குதிரைகளை முன்கூட்டியே பதிந்து நடத்தும் ஃபியூச்சுரிட்டி போட்டிகளில் காலம் ரொம்ப முக்கியம். அமெரிக்காவின் தேசிய கட்டிங் குதிரைச் சங்கம் 1946இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் உருவானது, அதன் முதல் ஃபியூச்சுரிட்டி 1962இல் நடந்தது. இது மூன்று வயதுக் குதிரைகளுக்கானது. அப்படியொரு குதிரை களத்தில் இறங்குகிறது என்றால், அதன் தாயை இணை சேர்த்து நான்கு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும். வயிற்றில் பதினொரு மாதம், பிறகு வளர்ப்பு, இரண்டு வயதில் பயிற்சி. இது போன்ற போட்டிகளில் நுழைவுப் பணத்தைத் தவணை தவணையாகக் கட்டுவார்கள், கட்டிய தவணை பொதுவாகத் திரும்பி வராது. பாதித் தவணை கட்டிய பிறகு பரிசு முறையை மாற்றினால், ஒரு கணக்கை நம்பி இறங்கியவர் வேறொரு கணக்கில் மாட்டிக்கொள்கிறார். இங்கே "கட்டணத்தை ஏற்றாதே" என்று கேட்பதை விட, "ஏற்கெனவே தவணை கட்டிய குதிரைகளுக்குப் பழைய முறையே பொருந்த வேண்டும்" என்று கேட்பது வலுவானது. அதை மறுக்க எந்த நிர்வாகிக்கும் வாய் வராது. பலர் கடைசித் தவணை வந்த பிறகுதான் விழித்துக்கொள்கிறார்கள்.

"எல்லா உறுப்பினரும் எதிர்க்கிறோம்" என்று சொல்லாதீர்கள். அது உண்மையாக இருக்காது. பரிசு மேலிடங்களில் குவிந்தால் அடிக்கடி ஜெயிக்கும் தொழில்முறைப் பயிற்சியாளருக்கு லாபம். வார இறுதியில் சொந்தக் குதிரையோடு வரும் அமெச்சூருக்கு நஷ்டம். குதிரை வளர்த்து விற்பவருக்கோ முதல் பரிசு பெரிதாக இருந்தால் குட்டிகளின் விலை ஏறும். இந்த மூவரையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசாமல் ஒரே மனுவில் சேர்த்தால், கூட்டத்தில் ஒருவர் எழுந்து மறுத்தாலே மனு கந்தலாகிவிடும். மூவரும் ஒத்துப்போகும் விஷயம் ஒன்று உண்டு: ஆட்கள் குறைந்தால் எல்லாருக்கும் கெடுதல். அங்கிருந்து தொடங்குங்கள்.

ஷோ செயலாளர் மேல் பாயாதீர்கள். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ரசீது எழுதும் அவருக்கும் கட்டண முடிவுக்கும் சம்பந்தமில்லை. நிர்வாகக் குழுவில் இருப்பவரின் குதிரை அடிக்கடி ஜெயிக்கிறது என்றால், "அவர் தனக்காகவே மாற்றினார்" என்று ஆதாரமில்லாமல் சொல்லவும் வேண்டாம். அந்தத் தீர்மானத்தில் அவர் ஓட்டுப் போடாமல் ஒதுங்க வேண்டும் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியே போதும்.

கடைசியாக, வெறும் "வேண்டாம்" என்ற சொல்லோடு கூட்டத்துக்குப் போவது. குழுவுக்குப் பணத் தேவை இருக்கிறது, நீங்கள் வேறு வழி காட்டாவிட்டால் அவர்கள் வழியே நிற்கும். ஒரே வாக்கியத்தில் தீர்மானம் எழுதிக் கொண்டுபோங்கள். உதாரணமாக: "கட்டண உயர்வு ஒரு சீசனுக்கு மட்டும் அமலில் இருக்கும், வசூலில் குறைந்தது 70 சதவீதம் பரிசுக்குப் போகும், ஆறு இடங்களுக்கும் பரிசு தொடரும், சீசன் முடிந்த 60 நாளுக்குள் ஒவ்வொரு பிரிவின் வரவு செலவும் உறுப்பினர்களுக்கு அனுப்பப்படும்." வழிமொழிய ஒருவரை முன்கூட்டியே பேசி வையுங்கள். யாரும் வழிமொழியாமல் தீர்மானம் விழுந்துபோவதைப் பார்ப்பது கொடுமை.

தீர்மானம் நிறைவேறினால் வாசகத்தை எழுத்தில் செயலாளரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் மினிட்ஸை, அதாவது முந்தைய கூட்டத்தின் பதிவை, வாசித்து ஒப்புதல் கேட்பார்கள். அன்று கட்டாயம் போய் உட்காருங்கள். "குறைந்தது 70 சதவீதம்" என்பது "ஏறக்குறைய 70 சதவீதம்" என்று பதிவாகியிருந்தால், திருத்தச் சொல்லிக் கை தூக்க வேண்டிய நேரம் அதுதான்.