நிரல் நின்றது, பம்பு நிற்கவில்லை

கடலூர் சிப்காட் ஆலைகளுக்கான கட்டுப்பாட்டுக் கருவிகளில் நிரல் எழுதப் புதிதாக வரும் பிள்ளைகளின் கோப்புகளைத் திறந்தால், ஆண்டுதோறும் அதே பிழைகள். அரைப்புள்ளி விட்டுப்போவதைக் கம்பைலரே பிடித்துவிடும், அதை விடுங்கள்.

லேப்டாப்பில் ஓடியதே என்பது

அங்கே சி மொழியின் ‘இன்ட்’ எனும் முழு எண் 32 பிட். 8 பிட் ஏவிஆர் சிப்பில் 16 பிட்தான். 32,767-ஐத் தாண்டினால் கணக்கு கந்தல்.

ஓட்டத்தின் நடுவே மாலாக் (நினைவகம் கேட்டு வாங்குவது)

வேண்டாம்.

ரஸ்ட் மொழியில் எழுதியாயிற்று, இனிக் கவலையில்லை என்பது

இதைக் கேட்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. அமிலத்தை அளந்துவிடும் பம்புக்கு நிரல் எழுதிய புதுச்சேரிப் பையன், “நினைவகப் பிழையே வராது சார்” என்றான். அமிலத்துக்குப் பதில் வாளியில் தண்ணீர் வைத்துச் சோதித்தோம். சென்சார் கம்பியைப் பிடுங்கினேன். 4 முதல் 20 மில்லியாம்பியர் வரை வர வேண்டிய இடத்தில் சுழியம். பிழையைக் கையாளாமல், மதிப்பு வந்தே தீரும் என்று நம்பும் ‘அன்ராப்’ போட்டிருந்தான். நிரல் ‘பேனிக்’ ஆகி, அதாவது வேலையைக் கைவிட்டு, வெற்று லூப்பில் உட்கார்ந்துவிட்டது. திரை உறைந்தது. பம்பு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அதை இயக்கும் பிடபிள்யூஎம் எனும் ஆன்-ஆஃப் மின் துடிப்பைச் சிப்பின் டைமரே தருகிறது. அதற்கு நிரலின் தயவு தேவையில்லை. நிரல் அவ்வப்போது தட்டாவிட்டால் சிப்பை மறுதொடக்கம் செய்யும் வாட்ச்டாக்காவது மீட்டிருக்க வேண்டுமே? அதை, முதன்மை நிரலைச் சாராமல் டைமர் எழுப்பும் இன்டரப்டிலிருந்து தட்டிக்கொண்டிருந்தான். முதன்மை நிரல் செத்தது அதற்குத் தெரியவே இல்லை. வாளி வழிந்து மேசை நனைந்தது.

“மொழி பிழையைப் பிடித்ததே சார்!”

பிடித்தது. 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட்டில் அடா மொழியும்தான் பிடித்தது. 64 பிட் தசம எண் 16 பிட் முழு எண்ணுக்குள் அடங்கவில்லை; பிழை வந்தால் திசையறி கணினியை நிறுத்திவிடு என்பது வடிவமைப்பு. மாற்றுக் கணினியிலும் அதே நிரல், அதே முடிவு. முக்கால் நிமிடத்துக்குள் ராக்கெட் சிதறியது. ஏரியன் 4-இலிருந்து அப்படியே எடுத்த அந்தக் கணக்கு, ராக்கெட் கிளம்பிய பின் தேவையே இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பேனிக் கையாளியின் முதல் வேலை வெளியீட்டுப் பின்களைப் பாதுகாப்பு நிலைக்குக் கொண்டுவருவது. சென்சார் படித்து, மதிப்பைச் சரிபார்த்து, ஒரு சுற்று முடிந்த பிறகே வாட்ச்டாக்கைத் தட்ட வேண்டும். நிரலை நம்பாமல் மின்சாரத்தைத் துண்டிக்கத் தனி ரிலே வையுங்கள். எது பாதுகாப்பு நிலை என்பதை ஆலை ஆட்களிடம் கேளுங்கள்: அமிலப் பம்பு நின்றால் நிம்மதி, குளிர்நீர்ப் பம்பு நின்றால் ஆபத்து.

மிஸ்ரா விதிகளை (பாதுகாப்பான சி நிரலுக்கான விதித்தொகுப்பு) ஒப்படைக்கும் வாரத்தில் திறப்பது

அதற்குத் திறக்காமலே இருக்கலாம்.